தூக்குமேடையில் ஒரு பரிசுப் போட்டி



திரைப்படம் பற்றிய சொற்பொழிவு என்றால் பெரிய இயக்குநர்களையும் பெரிய படங்களையும் எடுத்துக்கொள்வது வழக்கம். நான் இன்று எடுத்துக்கொண்டிருப்பது 1987இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டெத்ரோ கேம்ஷோ' என்ற சிறிய படம். மரண தண்டனைக் கைதிகளை வைத்து நடத்தப்படும் ஒரு தொலைக்காட்சிப் பரிசுப் போட்டிதான் அதன் கதைக்களம். இயக்கியவர் மார்க் பிர்ரோ. திகிலும் சிரிப்பும் கலந்த, மிகக் குறைந்த செலவில் எடுக்கப்பட்ட படம். நடிப்பில் மேடு பள்ளம் உண்டு. சில நகைச்சுவைகள் முகம் சுளிக்க வைக்கும். இருந்தும், தொலைக்காட்சிப் போட்டி நிகழ்ச்சி என்ற வடிவத்தைப் பற்றி, பல மடங்கு பணம் கொட்டி எடுத்த படங்கள் தொடத் தயங்கிய ஓர் உண்மையை இந்தப் படம் தொட்டுவிட்டது என்று உறுதியாக நம்புகிறேன். அந்த உண்மை என்ன, ஒரு சிறிய படத்தால் அதை எப்படித் தொட முடிந்தது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் கதை. நிகழ்ச்சியின் பெயர் 'லிவ் ஆர் டை', வாழ்வா சாவா. அதன் தொகுப்பாளன் சக் டோடன். அந்த வேடத்தில் ஜான் மெக்காஃபர்ட்டி நடித்திருக்கிறார். மரண தண்டனை விதிக்கப்பட்டவர்கள் ஒவ்வொருவராக மேடைக்கு வருகிறார்கள். வென்றால் தண்டனை தள்ளிப்போகலாம், அல்லது குடும்பத்துக்குப் பரிசு போய்ச் சேரலாம். தோற்றால் அங்கேயே, கேமராவுக்கு முன்னால், உயிர் போகும். அரங்கில் உட்கார்ந்திருப்பவர்கள் ஆரவாரம் செய்கிறார்கள். இந்த நிகழ்ச்சியை நிறுத்தச் சொல்லி ஒரு பெண்கள் அமைப்பின் சார்பில் குளோரியா என்பவள் சக்கோடு வாதாடுகிறாள். தங்கள் தலைவன் இதே மேடையில் செத்ததற்குப் பழிதீர்க்க மாஃபியா கும்பலிலிருந்து லூயிஜி என்ற கொலையாளி வருகிறான். அதன் பிறகு படம் துரத்தலும் குழப்பமுமாக ஓடுகிறது. அந்த ஓட்டத்தைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. மேடையில் நடப்பதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அந்த மேடையில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. கைதிக்கு விதிகள் தெரியும். தோற்றால் என்ன ஆகும் என்பது பார்வையாளருக்குத் தெரியும். என்ன விற்கிறோம் என்பது தொகுப்பாளனுக்குத் தெரியும். ஒளிக்கப்பட்ட கேள்வித்தாளோ கள்ள மதிப்பெண்ணோ எதுவும் கிடையாது. எல்லாரும் சம்மதித்து, எல்லாரும் அறிந்து, வெளிச்சத்தில் நடக்கும் கொலை அது. இந்தப் படத்தின் திகில் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

இது ஏன் முக்கியம் என்பதைப் புரிந்துகொள்ள அமெரிக்கத் தொலைக்காட்சியின் வரலாற்றுக்குள் கொஞ்சம் போக வேண்டும்.

1955 ஜூன் மாதத்தில் சிபிஎஸ் தொலைக்காட்சி '64,000 டாலர் கேள்வி' என்ற வினாடி வினாவைத் தொடங்கியது. விளம்பரதாரர் ரெவ்லான் அழகுப்பொருள் நிறுவனம். நிகழ்ச்சி பெற்ற வரவேற்பைப் பார்த்து மற்ற நிறுவனங்களும் அதே வழியில் இறங்கின. 1956இல் என்பிசியில் 'ட்வென்டி ஒன்' வந்தது. ஹெர்ப் ஸ்டெம்பெல் என்ற போட்டியாளர் வாரக்கணக்கில் வென்றார். பிறகு கொலம்பியா பல்கலைக்கழகத்து இளம் ஆசிரியர் சார்லஸ் வான் டோரனிடம் தோற்றார். வான் டோரன் நாடு போற்றும் அறிவாளி ஆனார். வார இதழ்களின் அட்டையில் முகம் வந்தது. ஒரு லட்சத்து இருபத்தொன்பதாயிரம் டாலர் வென்றார். பிறகுதான் உண்மை வெளியானது. இரண்டு பேருக்கும் விடைகள் முன்கூட்டியே கொடுக்கப்பட்டிருந்தன. யார் எப்போது தோற்க வேண்டும் என்பதும் தீர்மானிக்கப்பட்டிருந்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் நிற்கும்போது நெற்றி வியர்வையை எப்படி ஒற்றி எடுக்க வேண்டும் என்றுகூட ஸ்டெம்பெலுக்குப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். துடைக்கக் கூடாதாம், ஒற்ற வேண்டுமாம். 1959 நவம்பர் 2ஆம் தேதி வான் டோரன் அமெரிக்க நாடாளுமன்றத்தின் துணைக்குழு முன்பு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். 1960இல் சட்டம் திருத்தப்பட்டு, இப்படி முடிவை முன்கூட்டியே தீர்மானிப்பது குற்றமாக்கப்பட்டது.

அதே ஆண்டுகளில் 'குயின் ஃபார் எ டே' என்று இன்னொரு நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. 1945இல் வானொலியில் தொடங்கி, 1956இல் தேசியத் தொலைக்காட்சிக்கு வந்தது. தொகுப்பாளர் ஜாக் பெய்லி. கஷ்டப்படும் பெண்கள் மேடையேறித் தங்கள் துயரத்தைச் சொல்வார்கள். கணவனுக்கு உடம்பு சரியில்லை, பிள்ளைக்கு நடக்க முடியவில்லை, துணி துவைக்கும் இயந்திரம் இருந்தால் பத்து வீட்டுத் துணியைத் துவைத்துப் பிழைத்துக்கொள்வேன், இப்படி. கடைசியில் பார்வையாளர்கள் கைதட்டுவார்கள். கைதட்டல் ஓசையை அளக்கும் ஒரு கருவியின் முள் யாருக்கு அதிகம் நகர்கிறதோ அந்தப் பெண் அன்றைக்கு ராணி. தலையில் கிரீடம், தோளில் வெல்வெட் போர்வை, கையில் ரோஜாக்கள், கேட்ட பொருள் பரிசு. மற்றப் பெண்கள் தங்கள் துயரம் போதவில்லை என்று ஊரறியத் தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். இந்த நிகழ்ச்சி 1964 வரை நடந்தது. எந்தச் சட்டமும் இதைத் தொடவில்லை. ஏன் தொட வேண்டும்? இதில் பித்தலாட்டம் இல்லையே. அந்தப் பெண்களின் கண்ணீர் உண்மை, கைதட்டலும் உண்மை.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'ட்வென்டி ஒன்' நாட்டையே கொதிக்க வைத்தது, ஏனென்றால் பார்வையாளர் ஏமாந்தார். 'குயின் ஃபார் எ டே' யாரையும் கொதிக்க வைக்கவில்லை, ஏனென்றால் பார்வையாளர் ஏமாறவில்லை. தொலைக்காட்சிப் போட்டி நிகழ்ச்சியைப் பற்றி ஒரு சமூகம் கேட்கக் கற்றுக்கொண்ட ஒரே கேள்வி, 'இது நேர்மையாக நடக்கிறதா' என்பதுதான். நேர்மையாக நடக்கும் கொடுமையை என்ன செய்வது என்ற கேள்வி கேட்கப்படாமலே கிடந்தது. 'டெத்ரோ கேம்ஷோ' கேட்பது இந்தக் கேள்வியை.

படம் வந்த நேரத்தையும் சொல்ல வேண்டும். 1980களில் ரீகன் ஆட்சியில் தகவல் தொடர்பு ஆணையத்தின் தலைவராக இருந்த மார்க் ஃபௌலர், தொலைக்காட்சி என்பது வீட்டிலுள்ள இன்னொரு மின்சாதனம், படம் காட்டும் ரொட்டி வாட்டி, அவ்வளவுதான் என்ற பொருளில் பேசியவர். தொலைக்காட்சிக்கு எந்தப் பொறுப்பும் தேவையில்லை, சந்தை பார்த்துக்கொள்ளும் என்பது அவருடைய நிலைப்பாடு. 1984இல் விளம்பர நேரத்துக்கு இருந்த வரம்புகளையும் ஆணையம் நீக்கியது.

இன்னொரு பக்கம் மரண தண்டனை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1976இல் அதற்கு மீண்டும் வழிவிட்டது. 1977 ஜனவரியில் யூட்டா மாநிலத்தில் கேரி கில்மோர் சுட்டுக் கொல்லப்பட்டார். கலிபோர்னியாவில் 1967க்குப் பிறகு அதுவரை ஒரு தண்டனைகூட நிறைவேற்றப்படவில்லை. அதற்குக் காரணம் நீதிமன்றம்தான் என்று பிரசாரம் நடந்து, 1986 நவம்பரில் மாநிலத் தலைமை நீதிபதி ரோஸ் பேர்டை வாக்காளர்கள் பதவியிலிருந்து இறக்கினார்கள். தண்டனை நிறைவேற வேண்டும் என்று மக்கள் வாக்களித்துக் கேட்ட அடுத்த ஆண்டு இந்தப் படம் வருகிறது. இயக்குநர் இதை மனத்தில் வைத்துத்தான் எடுத்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காற்றைத்தான் அவரும் சுவாசித்தார்.

தண்டனையைக் கேமராவில் காட்டுவது வெறும் கற்பனை என்று நினைக்காதீர்கள். 1977லேயே டெக்சாஸில் ஒரு தொலைக்காட்சிச் செய்தியாளர், தண்டனை நிறைவேற்றத்தைப் படம்பிடிக்க அனுமதி கேட்டு வழக்காடினார். மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்துவிட்டது. படம் வந்து நான்கு ஆண்டு கழித்து, 1991இல், சான் பிரான்சிஸ்கோவின் கேக்யூஇடி என்ற பொதுத் தொலைக்காட்சி நிலையம் அதே கோரிக்கையோடு நீதிமன்றம் போனது. செய்தியாளர்கள் உள்ளே இருக்கலாம், கேமரா கூடாது என்று தீர்ப்பாயிற்று. அந்த நிலையத்தின் வாதம் மிகவும் மரியாதைக்குரியது. மக்கள் பெயரால் அரசு ஓர் உயிரை எடுக்கிறது என்றால், அதைப் பார்க்கும் உரிமை மக்களுக்கு உண்டு என்றார்கள். பார்த்தால்தான் அதன் கொடூரம் உறைக்கும் என்று நம்புகிறவர்களும் இருந்தார்கள்.

எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. அமெரிக்காவில் கடைசியாகப் பொதுவெளியில் தூக்கு நிறைவேற்றப்பட்டது 1936 ஆகஸ்டில், கென்டக்கி மாநிலத்து ஓவன்ஸ்பரோ நகரில். ஏறக்குறைய இருபதாயிரம் பேர் கூடினார்கள். அவர்கள் அனைவரும் பார்த்தார்கள். பார்த்ததனால் அந்தக் கூட்டம் தண்டனைக்கு எதிராகத் திரும்பிவிடவில்லை. பிர்ரோவின் படத்தில் கைதட்டும் கூட்டம் அந்த ஓவன்ஸ்பரோ கூட்டத்தின் வாரிசு. இடையில் ஐம்பது ஆண்டு. மைதானம் ஸ்டுடியோ ஆகிவிட்டது.

இனிப் படத்தின் செலவைப் பற்றிப் பேசலாம். மாணவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகக் கேட்க வேண்டும்.

மார்க் பிர்ரோ சூப்பர் 8 சுருளில் படமெடுத்து வந்தவர். 1965இல் கோடாக் நிறுவனம் வீட்டுப் படப்பிடிப்புக்காக அறிமுகப்படுத்திய சுருள் அது. ஐம்பது அடிதான் இருக்கும். மூன்று நிமிடம் ஓடினால் பெரிது. குழந்தையின் பிறந்தநாளையும் கடற்கரைப் பயணத்தையும் எடுப்பதற்கென்று செய்தது. அதை வைத்து 1980களின் தொடக்கத்தில் 'எ போலிஷ் வாம்பயர் இன் பர்பாங்க்' என்று ஒரு முழுநீளப் படம் எடுத்தார். இரத்தக் காட்டேரியாக அவரே நடித்தார். செலவு சில ஆயிரம் டாலர்தான். அதற்குப் பிறகு வந்தது 'டெத்ரோ கேம்ஷோ'. கிரௌன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ் வெளியிட்டது. திறந்தவெளித் திரையரங்குகளுக்கான மலிவுப் படங்களை விநியோகித்துப் பேர்பெற்ற நிறுவனம் அது.

மலிவு என்ற இந்த நிலைமை படத்துக்கு ஊனமாக இருந்ததா? பல காட்சிகளில் ஆம். போட்டி மேடைக் காட்சிகளில் அதுவே பெரும் பலம்.

தொலைக்காட்சியில் போட்டி நிகழ்ச்சியைப் போலச் செலவு குறைந்த வடிவம் வேறு எது? கதை எழுத வேண்டாம், வெளிப்புறப் படப்பிடிப்பு வேண்டாம். ஒரே அரங்கு போதும். பலகையில் அடித்து வண்ணம் பூசிய பின்னணி, வரிசையாக விளக்குகள், ஒரு மணி, ஒரு சக்கரம், ஒரு தொகுப்பாளர். 'ஜெப்படி' நிகழ்ச்சியை ஒரே நாளில் ஐந்து அத்தியாயங்கள் பதிவுசெய்துவிடுகிறார்கள். தொகுப்பாளர் இடையில் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தால் அடுத்த நாள் ஆகிவிடும். பரிசுப் பொருள்களில் பலவற்றை நிறுவனங்களே தங்கள் பெயர் சொல்வதற்காகத் தருகின்றன. போட்டியாளர் நடிகரில்லை, அவருக்குச் சம்பளம் இல்லை. அவருடைய பதற்றமும் சந்தோஷமும் அழுகையும்தான் நிகழ்ச்சியின் சரக்கு. அது இலவசமாகவே கிடைக்கிறது.

ஆகவே ஒரு சிறிய படக்குழு போட்டி நிகழ்ச்சி அரங்கை அமைக்கும்போது, அந்தப் பலகையும் விளக்கும் நகல் போலத் தெரிவதில்லை. அசல் அரங்கும் அதே பலகைதான். கோடிகளைக் கொட்டி எடுக்கும் படம் அந்த அரங்கைப் பெரிதாக்கும், பளபளக்க வைக்கும், எதிர்கால நகரத்தில் கொண்டுபோய் வைக்கும். அங்கே பார்வையாளனுக்கு ஒரு தூரம் கிடைத்துவிடுகிறது. இது வேறு உலகம், வேறு காலம் என்று மனம் ஆறுதல் கொள்கிறது. பிர்ரோவின் அரங்கில் அந்த ஆறுதல் இல்லை. அன்று மத்தியானம் வீட்டில் பார்த்த நிகழ்ச்சிக்கும் இதற்கும் கண்ணுக்குத் தெரிந்த வித்தியாசம் ஒன்றுதான்: இங்கே தோற்றவன் செத்துப்போகிறான்.

அதே 1987இல், நவம்பர் 13ஆம் தேதி, 'தி ரன்னிங் மேன்' வெளிவந்தது. ஸ்டீபன் கிங் வேறு பெயரில் எழுதிய நாவலின் தழுவல், அர்னால்ட் ஸ்வார்ஸ்நெகர் நாயகன், செலவு இரண்டு கோடியே எழுபது லட்சம் டாலர். அதிலும் கைதிகளை வேட்டையாடும் தொலைக்காட்சிப் போட்டிதான். அந்தப் படத்தின் மிகச் சிறந்த காரியம், தொகுப்பாளர் வேடத்துக்கு ரிச்சர்ட் டாசனைப் போட்டது. 'ஃபேமிலி ஃபியூட்' நிகழ்ச்சியை 1976 முதல் 1985 வரை நடத்தியவர் அவர். அவர் சிரித்தால் அமெரிக்க வீடுகளுக்கு அந்தச் சிரிப்பு தெரியும். அதே சிரிப்போடு அவர் சாவை அறிவிக்கும்போது முதுகு சில்லிடுகிறது. ஆனால் அந்தப் படம் ஒரு முக்கியமான இடத்தில் பின்வாங்குகிறது. நாயகன் நிரபராதி. அவன்மேல் பொய்ப்பழி சுமத்தப்பட்டிருக்கிறது. காட்சிகளை வெட்டி ஒட்டி மக்களை ஏமாற்றியிருக்கிறார்கள். கடைசியில் உண்மை திரையில் ஓடுகிறது. இதுவரை சாவைப் பார்த்துக் குதித்த அதே கூட்டம் நாயகனுக்காகக் குதிக்கிறது. கொடுங்கோல் அரசும் பேராசைத் தொலைக்காட்சியும் குற்றவாளிகள். மக்கள் ஏமாந்தவர்கள், அவ்வளவே. 1959இல் அமெரிக்கா தனக்குச் சொல்லிக்கொண்ட அதே சமாதானம்.

பிர்ரோவின் படத்தில் அந்தச் சமாதானத்துக்கு இடமில்லை. அவருடைய கைதிகள் குற்றவாளிகள்தான். அவர்களை மீட்க ஓர் உண்மை எங்கேயும் ஒளிந்திருக்கவில்லை. எனவே பார்வையாளர் கூட்டம் தன்னை மன்னித்துக்கொள்ள ஒரு வாய்ப்பும் கிடைப்பதில்லை.

திகிலையும் சிரிப்பையும் கலப்பது வெறும் மசாலா என்று பலர் நினைக்கிறார்கள். இந்தப் பொருளுக்கு அதுவே சரியான வடிவம் என்பேன். காரணம் சொல்கிறேன். போட்டி நிகழ்ச்சியும் திகில் படமும் ஒரே உத்திகளால் செய்யப்பட்டவை. மூடிய கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது? 1963இல் மான்டி ஹால் தொடங்கிய 'லெட்ஸ் மேக் எ டீல்' முழுக்க முழுக்க இந்தக் கேள்விதான். ஒரு கதவுக்குப் பின்னால் கார், இன்னொரு கதவுக்குப் பின்னால் ஒன்றுக்கும் உதவாத பொருள். திகில் படத்திலும் கதவுதான், தாமதம்தான். 1998இல் பிரிட்டனில் தொடங்கிய 'ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர்' நிகழ்ச்சியைப் பாருங்கள். கேள்வி ஏற ஏற விளக்குகள் இறங்குகின்றன. பின்னணி இசை படிப்படியாக அரைச்சுரம் அரைச்சுரமாக மேலேறுகிறது. விடையைச் சொல்வதற்கு முன் தொகுப்பாளர் மௌனம் காக்கிறார். இருட்டு, இசை, மௌனம்: இது பேய்ப்பட இலக்கணம். அதே நிகழ்ச்சிதான் 2000 ஜூலையில் அமிதாப் பச்சனோடு 'கௌன் பனேகா குரோர்பதி'யாக இந்தியாவுக்கு வந்தது. பின்பு சூர்யா நடத்திய 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி'யாக நம் வீடுகளுக்கும் வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த மௌனத்தைக் கேட்ட அனுபவம் இந்த அரங்கில் பலருக்கும் இருக்கும்.

திகில் படத்தில் கதவு திறந்ததும் நாம் அலறுகிறோம். போட்டி நிகழ்ச்சியில் கதவு திறந்ததும் சிரிக்கிறோம். இரண்டையும் ஒரே கதவுக்குப் பின்னால் வைத்தால், எதற்குச் சிரித்தோம் என்று ஒரு கணம் திகைக்க வேண்டியிருக்கிறது. 'டெத்ரோ கேம்ஷோ'வில் ஒரு கைதியை மின்சார நாற்காலியில் கட்டிவைத்து, அவனுக்கு முன்னால் ஒரு பெண்ணை ஆடவிடுகிறார்கள். அவன் உடம்பு கிளர்ச்சியடைந்தால் மின்சாரம் பாயும். மிகக் கொச்சையான காட்சி. பார்க்கும்போது சிரிப்பும் வருகிறது. அந்தச் சிரிப்பு வந்த அடுத்த நொடியில், அரங்கில் ஆரவாரம் செய்யும் கூட்டத்தின் சத்தத்தோடு நம் சத்தமும் கலந்துவிட்டது தெரிகிறது. அழுத்தமான, கண்ணீர் வரவழைக்கும் படமாக எடுத்திருந்தால் நாம் கைதிக்காக இரங்கி, நல்லவர்களாக வெளியே வந்திருப்போம். இந்தப் படம் அந்தப் பெருமையைத் தருவதில்லை.

படத்தின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். பெண்கள் அமைப்பை அது வரைந்திருக்கும் விதம் அநியாயம். குளோரியா ஸ்டெர்ன்வர்ஜின் என்ற பெயரே, பெண்ணுரிமைக்காகப் போராடிய குளோரியா ஸ்டைனத்தைக் கிண்டல் செய்வதற்காக வைத்தது. கதையில் கொலை மேடையை எதிர்க்கும் ஒரே குரல் அவளுடையது. அந்தக் குரலையே கேலிப்பொருளாக்கியது படத்தின் பெரிய தவறு. இத்தாலிய மாஃபியா பாத்திரங்களும் தேய்ந்துபோன வார்ப்புகள். இயக்குநர் எல்லாத் திசையிலும் அம்பு விட்டார், தைத்தவை சில. தைத்தவை ஆழமாகத் தைத்தன என்பதனால்தான் இங்கே பேசுகிறேன்.

பிர்ரோவுக்கு முன்னோடிகள் உண்டு. அவர்களில் ஒருவரைச் சொல்லாமல் போனால் இந்தப் பேச்சு நிறைவு பெறாது. ராபர்ட் ஷெக்லி 1958இல் எழுதிய ஒரு சிறுகதையை அடிப்படையாக வைத்து, மேற்கு ஜெர்மனியின் தொலைக்காட்சி 1970 அக்டோபர் 18 அன்று 'தாஸ் மில்லியோனன்ஷ்பீல்' என்ற படத்தை ஒளிபரப்பியது. எழுதியவர் வொல்ஃப்காங் மெங்கே, இயக்கியவர் டாம் டோல்லே. ஒருவன் ஒரு கொலைக் கும்பலிடமிருந்து ஏழு நாள் தப்பிக்க வேண்டும். தப்பித்தால் பத்து லட்சம் மார்க். அசல் நிகழ்ச்சித் தொகுப்பாளரான டீட்டர் தாமஸ் ஹெக் தொகுப்பாளராகவே வந்தார். நடுநடுவே போலி விளம்பரங்கள். சிலர் இதை உண்மை நிகழ்ச்சி என்றே எடுத்துக்கொண்டார்கள். கண்டித்து எழுதியவர்கள் இருந்தார்கள். அடுத்த முறை போட்டியாளராக வர விருப்பம் தெரிவித்தவர்களும் இருந்தார்கள். துரத்திக் கொல்லும் கும்பலில் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டவர்களும் இருந்தார்கள். இது கற்பனை என்பது மட்டும்தான் இப்படிக் கேட்டவர்களுக்குத் தெரியவில்லை. சாவு நடக்கும் என்று தெரிந்தே கேட்டார்கள். பிர்ரோவின் கற்பனைக்குப் பதினேழு ஆண்டு முன்பே அதற்கான சாட்சியம் தபாலிலும் தொலைபேசியிலும் வந்து சேர்ந்துவிட்டது.

பின்னால் வந்தவர்களில் மொரீஸ் டெவெரோ என்ற கனடா இயக்குநரின் 'ஸ்லாஷர்ஸ்' படத்தை மாணவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். 2001இல் வந்தது. இதுவும் மிகச் சிறிய செலவுப் படம். ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சி. இந்த முறை போட்டியாளர்கள் ஆறு பேரும் அமெரிக்கர்கள். வேடமிட்ட கொலைகாரர்கள் அவர்களை ஒரு கட்டடத்துக்குள் துரத்துகிறார்கள். பிழைத்தவருக்குப் பணம். முழுப் படமும் நிகழ்ச்சியின் கேமராக்காரர் ஒருவரது கண் வழியாக, வெட்டில்லாமல் ஒரே மூச்சில் ஓடுவது போல எடுக்கப்பட்டிருக்கிறது. கையிலிருந்த டிஜிட்டல் வீடியோ கேமராவின் மங்கல் படத்துக்குக் குறையாகத் தெரியவில்லை. நிகழ்ச்சியின் கேமராவும் அதுதானே.

அதில் ஒரு விதி இருக்கிறது. விளம்பர இடைவேளை வந்தால் எல்லாரும் நின்ற இடத்தில் அசையாமல் நிற்க வேண்டும். கத்தி ஓங்கியவன் ஓங்கியபடியே நிற்பான். ஓடுகிறவள் மூச்சு வாங்கியபடி அவனுக்குப் பக்கத்திலேயே நிற்பாள். அந்த நேரத்தில் அவர்கள் பேசிக்கொள்ளலாம். விளம்பரம் முடிந்ததும் கத்தி இறங்கும். விளம்பரதாரருக்கும் உயிருக்கும் உள்ள உறவை இதைவிடத் தெளிவாகக் காட்டிய காட்சியை நான் எந்தப் பெரிய படத்திலும் பார்க்கவில்லை. அதை எடுக்க என்ன செலவாகியிருக்கும்? நடிகர்களை அசையாமல் நிற்கச் சொன்னதுதான் செலவு. கற்பனையின் வேலை இது. இதைப் பணம் கொடுத்து வாங்க முடியாது.

இனி நிஜ நிகழ்ச்சிகளுக்கு வருகிறேன். 2010 மார்ச் மாதம் பிரான்சின் அரசுத் தொலைக்காட்சி ஓர் ஆவணப்படத்தை ஒளிபரப்பியது. கீழ்ப்படிதல் பற்றி ஸ்டான்லி மில்கிராம் நடத்திய பழைய பரிசோதனையை ஒரு போலிப் போட்டி நிகழ்ச்சியாக மாற்றியிருந்தார்கள். தவறான விடை சொல்பவருக்குப் போட்டியாளர் மின்னதிர்ச்சி கொடுக்க வேண்டும். அதிர்ச்சி வாங்குபவர் நடிகர். அது போட்டியாளருக்குத் தெரியாது. தொகுப்பாளர் தொடரச் சொல்கிறார், கூட்டம் கூச்சலிடுகிறது. 80 போட்டியாளர்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் கடைசி எல்லையான 460 வோல்ட் வரை போனார்கள். பரிசுப்பணம்கூட அவர்களுக்கு இல்லை. முன்னோட்டப் பதிவு என்று சொல்லித்தான் அழைத்திருந்தார்கள். மேடை, விளக்கு, தொகுப்பாளரின் குரல், கைதட்டல், இவையே போதுமானதாக இருந்தன.

'ஸ்குவிட் கேம்' உங்கள் எல்லாருக்கும் தெரியும். கடனில் மூழ்கியவர்கள் சிறுவர் விளையாட்டு விளையாடி, தோற்றவர்கள் சுட்டுக் கொல்லப்படும் கொரியத் தொடர். 2021இல் வந்து உலகம் முழுவதும் பார்க்கப்பட்டது. 2023 நவம்பரில் தொடரை வெளியிட்ட நிறுவனமே அதே போன்ற அரங்குகளையும் உடைகளையும் வைத்து ஒரு நிஜப் போட்டி நிகழ்ச்சியை வெளியிட்டது. தொடரில் இருந்தது போலவே 456 போட்டியாளர்கள். பரிசு 45 லட்சத்து 60 ஆயிரம் டாலர். உயிர் மட்டும் போகாது. ஏழ்மை மனிதரை எதற்கெல்லாம் சம்மதிக்க வைக்கிறது என்று கேட்ட தொடர், ஏறக்குறைய ஈராண்டில் சம்மதித்து வருகிறவர்களுக்கான விண்ணப்பப் படிவமாகிவிட்டது. பெரிய செலவில் எடுத்த படைப்புக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. அதன் அரங்கு அழகாக இருக்கிறது. அழகான அரங்கை மறுபடியும் வாடகைக்கு விடலாம். 'டெத்ரோ கேம்ஷோ'வின் அரங்கை யாரும் வாடகைக்குக் கேட்க மாட்டார்கள். அது எந்த ஆசையையும் தூண்டுவதில்லை.

மாணவ நண்பர்களே, நீங்கள் பலரும் குறும்படம் எடுக்கிறீர்கள். கையில் பணமில்லை, பெரிய கேமரா இல்லை என்று வருந்துவதைக் கேட்டிருக்கிறேன். அந்த வருத்தம் நியாயமானது. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் எந்தப் பொருளுக்கு எந்தச் செலவு பொருந்தும் என்று யோசித்துப் பாருங்கள். நம் தொலைக்காட்சிகளில் குடும்பச் சண்டையை நடுக்கூடத்தில் வைத்து விசாரிக்கிறார்கள். குழந்தைகள் பாட்டுப் போட்டியில் தோற்று அழும்போது கேமரா அந்த முகத்தை விட்டு நகர மறுக்கிறது. போட்டியாளரின் வறுமை மெல்லிய இசையோடு முன்னோட்டமாக ஓடுகிறது. எல்லாமே சம்மதத்தோடு நடக்கிறது, கையெழுத்துப் போட்டுத்தான் நடக்கிறது. இதைப் படமாக்க உங்களுக்கு வேண்டியது நான்கு பலகை, பத்து விளக்கு, ஒரு மணி, நன்றாகச் சிரிக்கத் தெரிந்த ஒரு நடிகர். இவை உங்களிடம் இருக்கின்றன.

திரைப்படம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பாடத்திட்டத்தில் பெரிய படங்களோடு இப்படிப்பட்ட சிறிய படங்கள் இரண்டையாவது சேருங்கள். குறையுள்ள படங்களை மாணவர்கள் பார்க்க வேண்டும். எந்தக் காட்சி ஏன் விழுந்தது, எது ஏன் நின்றது என்று வகுப்பில் விவாதிக்க வேண்டும். 'டெத்ரோ கேம்ஷோ'வையும் 'ஸ்லாஷர்ஸ்'ஸையும் அடுத்தடுத்துத் திரையிட ஒரு மாலைப்பொழுது போதும். இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையே அந்தத் திரையிடலை நடத்த முன்வந்தால் மிகவும் மகிழ்வேன்.